லென்ஸுக்கும் தண்ணீருக்கும் ஆகாது

(கல்லூரி அரங்கமொன்றில் மாணவ மாணவியர், பெற்றோர் முன்னிலையில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் கண்ணைக் காத்துக்கொள்வது எப்படி என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பேசுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால், ‘இத்தனையும் நினைவில் நிற்காது, ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: லென்ஸுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. மறுபடியும் சொல்கிறேன். லென்ஸுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. குழாய்த் தண்ணீர் ஆகாது. கேன் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரும் ஆகாது.

இதை ஏற்றுக்கொள்வது நமக்குக் கஷ்டம். ஏன்? நாம் தண்ணீரை நம்பி வளர்ந்தவர்கள். வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். கண்ணில் தூசி விழுந்தால் உடனே தண்ணீர் அடிக்கிறோம். கீழே விழுந்த பழத்தைக் கழுவிச் சாப்பிடுகிறோம். கழுவினால் சுத்தம் என்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கமே லென்ஸ் விஷயத்தில் கண்ணுக்கு வினையாகிவிடுகிறது. லென்ஸ் கைதவறி வாஷ்பேசினில் விழுகிறது. என்ன செய்கிறோம்? குழாயைத் திறந்து ஓர் அலசு அலசி, அப்படியே கண்ணில் வைத்துக்கொள்கிறோம். சோம்பேறிகள் செய்கிற வேலை அல்ல இது. சுத்தம் பார்க்கிறவர்கள் செய்கிற வேலை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த லென்ஸ் போய் உட்காரும் இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கண்ணில் கறுப்பாகத் தெரியும் பகுதிக்கு முன்னால் மிகத் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. மருத்துவமனையில் கருவிழி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். கண் தானத்தில் அடுத்தவருக்குப் பொருத்தப்படுவதும் அதுதான். நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதற்குள் ஒரு ரத்தக் குழாய்கூட இல்லை. இருந்தால் பார்வை தெளிவாக இருக்காது. ரத்தம் இல்லாமல் அது மூச்சு விடுவது எப்படி? கண் திறந்திருக்கும்போது வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து அதற்குப் போய்ச் சேருகிறது. அதற்குக் காவல் யார்? இமையும் கண்ணீரும். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் தூசியும் கிருமியும் வழித்தெடுக்கப்படுகின்றன. கண்ணீரிலேயே கிருமியைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. இதற்கும் மேலே, ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள் இடைவெளி விடாமல் நெருங்கி நின்று மேற்பரப்பை மூடியிருக்கின்றன. அந்த மேற்பரப்பில் கீறல் விழாதவரை பெரும்பாலான கிருமிகளுக்கு உள்ளே இடமில்லை.

லென்ஸ் என்ன செய்கிறது? இந்தக் காவல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கை வைக்கிறது. காற்று கொஞ்சம் குறைகிறது. கண்ணீரின் ஓட்டம் கொஞ்சம் குறைகிறது. நமக்கே தெரியாமல் மேற்பரப்பில் மெல்லிய சிராய்ப்புகள் உண்டாகின்றன. அதற்காக லென்ஸே போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பவர் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும், கருவிழி கூம்பாகத் துருத்திக்கொண்டு வரும் நோய் உள்ளவர்களுக்கும் மூக்குக் கண்ணாடி தராத பார்வையை லென்ஸ் தருகிறது. மைதானத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. அழகுக்காகப் போடுகிறவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். போடுங்கள். போடத் தெரிந்து போடுங்கள்.

இன்று நாம் போடும் மென்மையான லென்ஸ் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஓட்டோ விக்டர்லே என்று ஒரு வேதியியல் அறிஞர், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவர். 1961 கிறிஸ்துமஸ் சமயம். தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் இரும்புத் துண்டு விளையாட்டுச் சாமான்களைப் பூட்டி, சைக்கிள் டைனமோவை வைத்துச் சுழலவிட்டு, முதல் மென்லென்ஸ்களை வார்த்தார். அதற்கு முன்பு இருந்த லென்ஸ்கள் எல்லாம் கண்ணாடியும் கெட்டிப் பிளாஸ்டிக்கும். இவருடைய லென்ஸ் மட்டும் ஏன் மென்மையாக இருந்தது? தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் பொருளால் அவர் அதைச் செய்தார். அந்தப் பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

இங்கேதான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். நீரை உறிஞ்சுவது அந்த லென்ஸின் இயல்பு. லென்ஸைச் சுத்தம் செய்து ஊறவைப்பதற்கென்றே விற்கும் நல்ல சொல்யூஷனில் போட்டால் அதை உறிஞ்சும். குழாய்த் தண்ணீரில் காட்டினால் அதையும் உறிஞ்சும். குழாய்த் தண்ணீரில் கண்ணீரின் உப்பு அளவு கிடையாது. அதனால் லென்ஸ் ஊதி, கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. கழற்றும்போது மேற்பரப்பு பெயர்கிறது. கதவு திறந்துவிட்டது. உள்ளே வரக் காத்திருப்பது யார்?

அகாந்தமீபா. ஒரே செல்லால் ஆன உயிர். மண்ணில் உண்டு, குளத்தில் உண்டு, நீச்சல் குளத்தில் உண்டு, வீட்டுக் குழாயிலும் உண்டு. நாம் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கருவிழிக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. சூழ்நிலை பிடிக்கவில்லை என்றால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே ஒடுங்கிவிடும். அந்த நிலையில் குளோரினுக்கும் அசையாது, பல மருந்துகளுக்கும் அசையாது. அது புகுந்த கண்ணுக்கு முதல் சில நாட்கள் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, பகலிலும் இரவிலும். தூங்க முடியாது. பிறகு மாதக்கணக்கில் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்த வேண்டியிருக்கும். வலியோ, கண்ணில் தெரியும் சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குக் கடுமையாக இருக்கும்.

இதை ஏதோ அழுக்குத் தண்ணீர் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பல வீடுகளில் கூரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி உண்டு. அகாந்தமீபா தொற்று வந்தவர்கள் 27 பேரின் வீடுகளுக்கே போய்க் குழாய்களைச் சோதித்தார்கள். 2004-இல் வெளிவந்த ஆய்வு அது. எட்டு வீடுகளின் குழாயில் அகாந்தமீபா கிடைத்தது. அந்த எட்டில் ஆறு வீடுகளில், குழாயில் இருந்ததும் நோயாளியின் கண்ணில் இருந்ததும் மரபணுச் சோதனையில் ஒன்றாகவே இருந்தன. தம் வீட்டுக் குழாயிலிருந்துதான் அவர்களுக்கு நோய் வந்திருக்கிறது. சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர், வீட்டுத் தொட்டியில் தேங்கி நின்ற தண்ணீர்.

இப்போது நம் வீட்டு மாடியை நினைத்துப் பாருங்கள். கறுப்புத் தொட்டி. லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து ஏறுகிறது. அடியில் வழவழவென்று படிந்திருக்கிறது. கடைசியாக அதைக் கழுவியது எப்போது? அந்தத் தண்ணீரிலா லென்ஸை அலசுவது? தொட்டியைக் கழுவினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில், காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் தண்ணீர் தயாரித்துக்கொண்டார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே அகாந்தமீபா தொற்று வந்தது. வீட்டில் தயாரிக்கும் எதுவும் லென்ஸுக்கு உதவாது என்று அதன் பிறகுதான் உலகம் உணர்ந்தது.

ஆக, லென்ஸோடு குளிக்காதீர்கள். லென்ஸோடு முகம் கழுவாதீர்கள். லென்ஸோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள். குற்றாலத்துக்குப் போனால் அருவிக்குப் போகும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். தெரியாமல் தண்ணீர் பட்டுவிட்டதா? உடனே கழற்றுங்கள். தினசரி லென்ஸ் என்றால் தூக்கி எறியுங்கள். மற்றதென்றால் சொல்யூஷனில் தேய்த்து முழு நேரம் ஊறவைக்காமல் மறுபடி போடாதீர்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் ஆசிட்டோ சுண்ணாம்போ தெறித்துவிட்டால் லென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே கூடாது. அந்த நொடியே தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றும்.

கைக்கு வருவோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் லென்ஸைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்த படி. கழுவிய கையைத் துடைக்க வேண்டும். ஈரம் சொட்டும் விரல் நுனியில் லென்ஸை ஏந்தினால் குழாய்த் தண்ணீரைத்தான் கண்ணுக்குள் கொண்டுபோகிறோம். ஒரு விடுதியில் காலை ஏழரை மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாஷ்பேசின், பின்னால் நான்கு பேர் காத்து நிற்கிறார்கள். ஒரு பெண் அவசரமாகக் கை கழுவுகிறாள், துப்பட்டா நுனியில் ஒரு தடவை ஒற்றிக்கொள்கிறாள், வலது விரல் நுனியில் லென்ஸ், இடது கையால் இமையை விரித்துப் பிடிக்கிறாள். விரலில் இன்னும் ஈரம். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் நகக்கண்ணில். குழாயிலிருந்து தெறித்த துளிகளுக்கு நடுவே திறந்த லென்ஸ் டப்பா. அவள் அழுக்கான பெண்ணா? இல்லவே இல்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். லென்ஸ் விற்ற கடையில் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு அது உங்கள் உரிமை.

அந்தப் பெண் செய்ய வேண்டியது என்ன? தண்ணீர்ப் புழக்கம் இல்லாத மேசைக்குப் போக வேண்டும். நூல் பிரியாத சுத்தமான துணியில் கையை நன்றாகத் துடைக்க வேண்டும். லென்ஸைப் போட்ட பிறகே மை தீட்ட வேண்டும். மாலையில் லென்ஸைக் கழற்றிய பிறகே மையைக் கலைக்க வேண்டும். அன்றைக்கு மிளகாய் நறுக்கிய கையை எவ்வளவு கழுவினாலும் நம்ப வேண்டாம். லென்ஸை வேறொருவர் கழற்றிவிடட்டும்.

அடுத்தது சொல்யூஷன். இதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் மதுரையிலிருந்து தொடங்குகிறேன். 1994-இல் மூன்று மாத காலத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி இன்னதென்று கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சைத் தொற்று. அந்தப் பூஞ்சைகளில் முதலிடம் ஃபுசேரியம் என்ற பூஞ்சைக்கு. பயிரிலும் மண்ணிலும் வாழ்வது அது. கதிர் அறுக்கும்போது தாள் கீறும், போரடிக்கும்போது உமி தெறிக்கும், அதோடு இந்தப் பூஞ்சையும் கண்ணுக்குள் போகும். வயலில் உழைக்கிறவர்களின் பார்வையைப் பறிக்கும் நோய் இது. நம் மருத்துவர்களுக்கு இது பழகிய எதிரி.

இந்தப் பூஞ்சை 2005, 2006-இல் எங்கே போய் நின்றது தெரியுமா? சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும். வயலை மிதித்தே அறியாதவர்களின் கண்களில். அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கருவிழி மாற்று அறுவை செய்தார்கள், அல்லது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், பாஷ் அண்ட் லோம் நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட சொல்யூஷனைப் பயன்படுத்தியவர்களிடம் நோய் அதிகம். தொழிற்சாலையில் தேடினார்கள், பூஞ்சை இல்லை. திறக்காத பாட்டில்களில் தேடினார்கள், அங்கும் இல்லை. 2006-இல் அந்தச் சொல்யூஷன் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. நோய் வந்தவர்களிடம் தெரியவந்த பழக்கம் ஒன்று உண்டு. டப்பாவில் இருக்கும் பழைய சொல்யூஷனைக் கொட்டாமல், அதன் மேலேயே கொஞ்சம் புதிதாக ஊற்றி நிரப்பிக்கொள்வது.

கையை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றைய மோரில் இன்றைய பாலை ஊற்றினால் அது பாலாகவே இருக்குமா? ஒரு ராத்திரி கிருமியோடு போராடிச் சக்தி இழந்த மருந்து அது. மேலே ஊற்றும் புது மருந்தையும் அது நீர்த்துப்போகச் செய்கிறது. பாட்டில் விலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். மாதச் செலவை எண்ணிச் செய்யும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் கண்ணாடியே போடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

தினமும் காலையில் பழைய சொல்யூஷனை முழுக்கக் கொட்டுங்கள். டப்பாவைப் புது சொல்யூஷனால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்து, மூடியைத் திறந்துவைத்துக் கவிழ்த்து உலரவிடுங்கள். குளியலறையில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு டப்பா; அதற்கு மேல் வைத்திருக்காதீர்கள். ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் லென்ஸை உள்ளங்கையில் வைத்து சொல்யூஷன் விட்டுத் தேய்த்த பிறகே ஊறவையுங்கள். சலைன் என்று விற்பது வெறும் உப்பு நீர். அது கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வகை நன்றாகக் கொல்லும், ஆனால் அதற்கென்று கொடுக்கும் டப்பாவிலேயே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். நேராகக் கண்ணில் விட்டால் எரித்துவிடும். மாதாந்தர லென்ஸுக்கு, உறையைப் பிரித்த நாளிலிருந்து கணக்கு. ‘இந்த மாதம் பத்து நாள்தானே போட்டேன்’ என்ற கணக்கு செல்லாது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பேச்சு அரைகுறைதான். திறந்த கண்ணுக்கே லென்ஸ் காற்றைக் குறைக்கிறது என்றேன். கண்ணை மூடிவிட்டால்? இமைப்பும் இல்லை, காற்றும் இல்லை. கதகதப்பும் ஈரமும் மட்டும் இருக்கின்றன. கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? 1989-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். மென்லென்ஸைப் பகலில் மட்டும் போடுபவர்கள் 10,000 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பேருக்குக் கருவிழிப் புண். போட்டுக்கொண்டே தூங்குபவர்களில் ஏறத்தாழ 21 பேருக்கு. ஐந்து மடங்கு! பிறகு காற்றை நன்றாக விடும் சிலிக்கான் ஹைட்ரஜெல் லென்ஸ்கள் வந்தன. இனிக் கவலையில்லை என்று நம்பினோம். 2008-இல் ஆஸ்திரேலியாவில் மறுபடி கணக்கெடுத்தார்கள். அந்தப் புது லென்ஸைப் போட்டுத் தூங்கியவர்களுக்கும் ஆபத்து குறையவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் முடிந்து, நேராகக் கிளாம்பாக்கம் போய் ஊருக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளே, உங்களைத்தான் நினைக்கிறேன். ஏறும்போது விழித்திருப்போம் என்றுதான் நினைப்பீர்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கண் அசந்துவிடும். பஸ்ஸில் ஏறும் முன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்து தூங்கிவிட்டீர்களா? எழுந்தவுடன் பிய்த்து எடுக்காதீர்கள். லென்ஸுக்கான ஈரச் சொட்டு விட்டு, நன்றாக இமைத்து, அது நகர்வது தெரிந்த பிறகு கழற்றுங்கள். அன்று முழுக்க லென்ஸ் வேண்டாம்.

கல்யாண வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசப்ஷனுக்குக் கலர் லென்ஸ் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. மேக்கப் போட வருகிறவர் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுக்கிறார். சென்ற முகூர்த்தத்தில் அது யார் கண்ணில் இருந்தது? பவர் இல்லாத லென்ஸும் லென்ஸ்தான். அதுவும் உங்கள் கருவிழியின் அளவுக்குப் பொருந்த வேண்டும், அதுவும் உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். ஒருவர் லென்ஸை இன்னொருவர் போடக்கூடாது. அக்கா தங்கையாக இருந்தாலும் கூடாது.

இத்தனையும் செய்தும் ஒருநாள் கண் சிவக்கலாம். வலிக்கலாம், கூசலாம், நீர் வடியலாம், பார்வை மங்கலாம். அப்போது முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். ‘சாயங்காலம் வரை பார்ப்போம்’ என்று போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். லென்ஸ் போடுபவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டை போடும் வல்லமை உடையது. மெடிக்கல் ஷாப்பில் போய் ‘கண் சிவந்திருக்கிறது’ என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே நோய் வளரும். அண்ணனுக்குக் கண் வலித்தபோது வாங்கி ஃபிரிட்ஜில் மிச்சம் வைத்த பாட்டிலையும் தொடாதீர்கள். தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள், நந்தியாவட்டைப் பூவைப் பிழியாதீர்கள். பாட்டியின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கருவிழிப் புண்ணில் அவை புதுக் கிருமியைக் கொண்டு சேர்க்கும்.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். கண் சிவந்த பிறகும் மூன்று நாள், நான்கு நாள் வீட்டில் மறைத்துவைத்துவிட்டு வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். ஏன் மறைத்தாய் என்று கேட்டால், ‘லென்ஸ் போட்டது தெரிந்தால் அம்மா திட்டுவாங்க’ என்கிறார்கள். அந்த மூன்று நாளில் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வை போய்விடுகிறது. தயவுசெய்து திட்டாதீர்கள். என்ன லென்ஸ், எத்தனை மணி நேரம், தூங்கினாயா, தண்ணீர் பட்டதா என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அந்த லென்ஸையும் டப்பாவையும் சொல்யூஷன் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எதையும் கழுவ வேண்டாம். கிருமி எதுவென்று அவற்றைச் சோதித்தும் கண்டுபிடிக்க முடியும்.